ஈஸ்ட் தின்ற இனிப்பு

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில், ட்வீட் ஆற்றங்கரையில், இன்னர்லீதன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அக்டோபர் மாதத்து மாலையில், தங்கியிருந்த வீட்டின் சமையலறை மேசையில் ஒரு புட்டியும் இரண்டு கண்ணாடிக் கோப்பைகளும் என் குறிப்பேடும். எதிரே, எடின்பரோவில் வேலை பார்க்கும் என் மச்சினர். புட்டியில் இருந்தது ட்ராக்வேர் ஹவுஸ் ஏல் என்னும் பீர், 7.2 சதவீத ஆல்கஹால். ஊற்றியதும் கோப்பை கறுத்துப் போனது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோதுதான் அது கறுப்பு அல்ல, மாதுளைச் சாற்றைப் போன்ற ஆழ்சிவப்பு என்று தெரிந்தது. மேலே பழுப்பேறிய நுரை, ஒரு விரல் உயரம்.

முதல் மிடறு விழுங்கியதும் குறிப்பேட்டில் எழுதினேன்: கருப்பட்டிப் பாகு. ரொட்டியின் முறுகிய ஓரம். உலர்ந்த திராட்சை. இனிக்கிறது, ஆனால் திகட்டவில்லை. விழுங்கிய பிறகு தொண்டையில் சூடு.

"புகை வாசனையை விட்டுட்டீங்களே அத்தான்" என்றார் மச்சினர். இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு "புகை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இந்த ஏலுக்குள் போனவை தண்ணீர், பார்லி மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட். கருப்பட்டியும் இல்லை, திராட்சையும் இல்லை. நான் எழுதிய இனிப்பில் பெரும்பகுதி நாக்கில் விழவே இல்லை என்றும், சூடு என்று எழுதியது வெப்பமே அல்ல என்றும் பின்னால் விளங்கியது. அந்த ஐந்தாறு சொற்களும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனதுதான் இந்த அத்தியாயம்.

ஏல் வந்த இடத்திலிருந்து தொடங்கலாம். ஊருக்கு வெளியே ஒரு மைல் தொலைவில் ட்ராக்வேர் மாளிகை நிற்கிறது. ஸ்காட்லாந்தில் இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீடுகளில் மிகப் பழையது அதுதான் என்பார்கள். ஸ்காட்லாந்து அரசி மேரி 1566-ல் அங்கே தங்கினார். பெரிய வீடுகள் தம் வேலையாட்களுக்கும் விருந்தாளிகளுக்கும் வேண்டிய ஏலைத் தாமே காய்ச்சிக்கொண்ட காலம் அது. ட்ராக்வேரில் 1739-ல் ஒரு செப்புக் கொப்பரையை நிறுவினார்கள். 1800-க்குப் பிறகு காய்ச்சுவது நின்றுபோனது. கொப்பரையும் ஓக் மரத் தொட்டிகளும் அப்படியே கிடந்தன. யாரும் விற்கவில்லை, உடைக்கவும் இல்லை. வீட்டின் இருபதாம் தலைமுறை உரிமையாளர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் அவற்றைத் துடைத்தெடுத்து 1965-ல் மறுபடி அடுப்பேற்றினார். அதே ஆண்டில்தான் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஃபிரிட்ஸ் மேடாக் சான் பிரான்சிஸ்கோவில் மூடப்படவிருந்த ஆங்கர் ஆலையை வாங்கினார். கிராஃப்ட் பீர் என்று இன்று உலகம் சொல்வதற்கு இப்படி இரண்டு தொடக்கங்கள், ஒன்றையொன்று அறியாமல், ஒரே ஆண்டில். ட்ராக்வேரில் இன்றும் ஓக் தொட்டியில்தான் நொதிக்க விடுகிறார்கள்.

இந்த வகைக்கு "வீ ஹெவி" என்றும் பெயர். ஸ்காட்லாந்துப் பேச்சில் "வீ" என்றால் சின்ன. கனமான ஏலைச் சின்னப் புட்டியில் விற்றதால் வந்த பெயர். எளிய ஏல்களை ஒரு பீப்பாயின் விலையை வைத்து 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்று அழைத்தார்கள். வலுவும் விலையும் கூடக்கூட எண்ணும் ஏறியது.

இனி பார்லிக்கு வருவோம். நம் வீடுகளில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, முளை விட்டதும் உலர்த்தி, வறுத்து மாவாக்குவார்கள். குழந்தைக்குக் கூழ் காய்ச்சும் அந்த மாவு இயல்பாகவே லேசாக இனிக்கும். மால்ட் என்பதும் அதே வேலைதான், பார்லியில் செய்வது. தானியம் முளைக்கத் தொடங்கியதும், சேமித்து வைத்த மாவுச்சத்தை உடைத்துக் குருத்துக்கு ஊட்ட அமைலேஸ் என்னும் நொதிகளைத் தயார் செய்கிறது. குருத்து அந்தச் சாப்பாட்டை முழுதாக உண்பதற்குள் மனிதர் குறுக்கிட்டுச் சூளையில் உலர்த்திவிடுகிறார். குருத்து சாகிறது, நொதிகள் பிழைத்துக்கொள்கின்றன. பிறகு மால்ட்டை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தால், குருத்துக்காகத் தொடங்கிய வேலையை அவை நமக்காகச் செய்து முடிக்கின்றன.

அந்த வெந்நீர் எவ்வளவு சூடு என்பதில்தான் ஏலின் உடல் நிர்ணயமாகிறது. இரண்டு வகை அமைலேஸ்கள் இருக்கின்றன. பீட்டா அமைலேஸ் மாவுச்சத்துச் சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு கண்ணிகளாகக் கிள்ளி மால்டோஸ் என்னும் சர்க்கரையைத் தருகிறது. 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் அது சுறுசுறுப்பாக இருக்கும். அதற்கு மேலே சூடு ஏறினால் சீக்கிரம் அழிந்துபோகும். ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். சங்கிலியின் நடுவில் கண்ட இடத்தில் வெட்டும். கனமான மால்ட் சுவை வேண்டுபவர்கள் வெந்நீரைச் சற்றுக் கூடுதல் சூட்டில், 68 டிகிரியை ஒட்டி வைப்பார்கள். அப்போது மால்டோஸோடு டெக்ஸ்ட்ரின் என்னும் நீண்ட துண்டுகளும் மிஞ்சும். ஈஸ்ட்டால் டெக்ஸ்ட்ரினைத் தின்ன முடியாது. நம் நாக்காலும் அதை இனிப்பு என்று அறிய முடியாது. அது தருவது வழவழப்பு மட்டும். கஞ்சித் தண்ணீருக்கும் வெறும் தண்ணீருக்கும் வாயில் தெரியும் வித்தியாசம்.

கருப்பட்டி வாசனை சூளையில் பிறந்தது. 1912-ல் லூயி கமீல் மெயார் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினார். கலவை பழுப்பானது. புரதங்கள் உடலில் எப்படி உருவாகின்றன என்பதைத் தேடப்போனவர் அவர். கண்டெடுத்ததோ உலகத்துச் சமையலறைகள் அனைத்தும் அறிந்தும் பெயர் வைக்காத ஒன்று. தோசையின் முறுகலும் வறுத்த காப்பிக்கொட்டையும் ரொட்டியின் மேலோடும் அந்த வினையின் பிள்ளைகள். ஒரு சர்க்கரை மூலக்கூறும் ஓர் அமினோ அமிலமும் கைகோத்து, நீரை இழந்து, உருமாறி, உடைந்து, மறுபடி கூடி, கடைசியில் நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களாகின்றன. அவற்றில் ஒன்று மால்டால். வெல்லம் காய்ச்சும் வாசனையை நினைவூட்டும் இந்தப் பொருளின் பெயரிலேயே மால்ட் இருக்கிறது. ஃபியூரனியால் பாகு மணக்கிறது, நீர்த்தால் ஸ்ட்ராபெர்ரி மணக்கிறது. ஃபீனைல் அசிட்டால்டிஹைடு தேனின் வாசனை. பனையின் பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் அடுப்பிலும் இதே வினை நடக்கிறது. ஆகவே என் குறிப்பேட்டில் கருப்பட்டி என்று விழுந்தது வெறும் உவமையல்ல. இரண்டுக்கும் வேதியியலில் உறவு உண்டு.

இந்த ஏல்களைப் பற்றி எழுதுபவர்கள் பலரும் ஒரு விளக்கம் தருவார்கள்: மால்ட் ஊறிய சாற்றைக் கொப்பரையில் நெடுநேரம் கொதிக்கவைப்பதால் சர்க்கரை கேரமல் ஆகிறது, சுவை அதிலிருந்து வருகிறது என்று. நான் இதை ஏற்கத் தயங்குகிறேன். சர்க்கரை தனியாக நின்று கேரமல் ஆக, வகையைப் பொறுத்து 110 முதல் 180 டிகிரி வரை சூடு வேண்டும். மால்டோஸுக்கு மேல் எல்லையை ஒட்டிய சூடு தேவை. நீர் நிறைந்த சாறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டுமே தவிர, அந்த உயரத்தைத் தொடாது. கொப்பரையில் நடப்பதும் பெரும்பாலும் மெயார் வினைதான். அது குறைந்த சூட்டிலும் மெதுவாக ஓடும். முதல் சாற்றில் கொஞ்சத்தைத் தனியாக எடுத்து, பாகு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி மறுபடி சேர்ப்பவர்கள் இன்று உண்டு. நீர் வற்றியதும் சூடு ஏறும் என்பதால் அங்கே கேரமலுக்கும் இடம் உண்டு. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு எடின்பரோ ஆலைகளின் காய்ச்சுப் பதிவேடுகளைப் புரட்டிய வரலாற்றாளர்கள் அப்படி நெடுநேரம் சுண்டவைத்த பழக்கம் எதையும் அங்கே காணவில்லை.

அடுத்து ஈஸ்ட். இங்கேதான் என்னை வியக்கவைத்த கணக்கு இருக்கிறது. இந்த வலுவுள்ள ஏலுக்கான சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 180 கிராம் கரைபொருள் இருக்கும், பெரும்பாலும் சர்க்கரை. கோலா பானத்தில்கூட லிட்டருக்கு நூறு கிராமுக்குச் சற்று மேலேதான் சர்க்கரை. இந்தச் சாற்றை அப்படியே குடித்தால் திகட்டும். அதில் ஈஸ்ட்டை விடுகிறார்கள். வெதுவெதுப்பாக வைத்தால் ஏல் ஈஸ்ட் வேகமாகத் தின்று, போகிற போக்கில் எஸ்டர் என்னும் பழவாசனைப் பொருள்களை விட்டுச் செல்லும்; வாழைப்பழம் மணக்கும் ஐசோஅமைல் அசிடேட் அவற்றில் ஒன்று. ஸ்காட்லாந்தின் குளிரில் அது நிதானமாகத் தின்கிறது. எஸ்டர்கள் அடங்கிவிடுகின்றன, மால்ட்டின் குரல் மேலே எழுகிறது. எந்த வேகத்தில் தின்றாலும், முடிவில் மால்டோஸ் ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிப்போயிருக்கும். மிஞ்சுவதில் பெரும்பகுதி நாக்குக்கு எட்டாத டெக்ஸ்ட்ரின். போதாததற்கு ஹாப்ஸின் கசப்பும் சேர்கிறது.

பின் எது இனித்தது?

அன்றிரவே சோதித்தோம். விரல்களால் மூக்கை இறுக அழுத்திக்கொண்டு ஒரு மிடறு வாயில் வைத்தேன். கருப்பட்டி போய்விட்டது, திராட்சையும் இல்லை. கஞ்சித் தண்ணீரைப் போன்ற ஒரு கனம், அடியில் மெல்லிய இனிப்பு, நாக்கின் பின்புறம் கசப்பு. தேநீர் ஆறிப்போய்க் கிடந்ததைப் போல ஒரு வெறுமை. விழுங்கிவிட்டு விரலை எடுத்து மூச்சு விட்டேன். ஒரு நொடியில் எல்லாம் திரும்பி வந்தன, அதுவும் நாக்கிலேயே இருப்பது போல. மச்சினர் மூன்று முறை செய்து பார்த்தார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

வாசனை மூக்குக்கு இரண்டு வழிகளில் போகிறது. முன்வாசல் நாசித்துளை. பின்வாசல் தொண்டைக்கு மேலே, வாயையும் மூக்கையும் இணைக்கும் பாதை. விழுங்கியதும் வெளிவிடும் மூச்சு வாயிலிருந்த வாசனையை அதன் வழியே மேலே தூக்கிச் செல்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவரும் 1991-ல் முகர் ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். 2004-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மனிதருக்கு அப்படிப்பட்ட ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை. நாக்கில் இனிப்புக்கென்று இருப்பதோ ஒரே ஏற்பி, இரண்டு புரதங்கள் சேர்ந்தது. அதனிடம் வெல்லத்தையும் தேனையும் பிரித்துச் சொல்லக் கேட்டால் சொல்லத் தெரியாது. எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எது என்று சொல்வது மூக்கு. ஆனால் பின்வாசலில் வந்த வாசனையை மூளை வாயின் கணக்கில் எழுதிவிடுகிறது.

இதில் இன்னும் ஆழமான ஒன்று உண்டு. ரிச்சர்ட் ஸ்டீவன்சன், ஜான் பிரெஸ்காட், ராபர்ட் போக்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரைக் கரைசலில் கேரமல் வாசனையைச் சேர்த்துக் கொடுத்தபோது, சர்க்கரையின் அளவு மாறாமலே, அது கூடுதலாக இனிப்பதாகச் சுவைத்தவர்கள் சொன்னார்கள். எலுமிச்சைப் புளிப்பில் அதே வாசனையைச் சேர்த்தால் புளிப்பு குறைந்தது. வாசனைக்கு இனிப்பு என்ற குணம் பிறவியில் இல்லை. இனிப்போடு சேர்ந்து சேர்ந்து வந்ததால் மூளை கற்றுக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். இதைப் படித்தபோது என் குறிப்பேட்டின் நான்காம் வரி விளங்கிவிட்டது. திகட்டாத இனிப்பு என்று எழுதியிருந்தேன். திகட்டுவதற்கு அங்கே சர்க்கரை இல்லை. ஈஸ்ட் அதைத் தின்றுவிட்டது. சூளையில் பிறந்த வாசனைகளை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை. சிறுவயதில் கருப்பட்டிக் காப்பியும் அதிரசமும் கற்றுக்கொடுத்த பாடத்தை வைத்து, இல்லாத இனிப்பை என் மூளை நிரப்பிக்கொண்டது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு அதே வேலையை வெண்ணெயும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சிய டாஃபி செய்திருக்கும்.

முதல் மிடறு குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தது. முக்கால் மணி நேரம் கழித்து கோப்பையின் அடியில் கிடந்தது வேறு ஏல் போல இருந்தது, இன்னும் இனிப்பாக. வாசனை சூட்டில் கூடுதலாக ஆவியாகும் என்பது ஒரு காரணம். நாக்கிலும் ஒரு காரணம் உண்டு. இனிப்பு ஏற்பி தரும் செய்தியை நரம்புக்கு ஏற்றிவிடும் டிஆர்பிஎம்5 என்ற அயனி வாயில் சூட்டுக்கு ஏற்பத் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2005-ல் காட்டினார்கள். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது இனிப்புச் செய்தி பலமாக வளர்கிறது. இதனால்தான் உருகிய ஐஸ்கிரீம் அளவுக்கு மீறி இனிக்கிறது. இந்த ஏலை நிலவறைக் குளிரில், 12 டிகிரியை ஒட்டி ஊற்றவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதை நான் முழுமனதோடு ஆமோதிக்கிறேன். 4 டிகிரியில் குடிப்பவர் தான் காசு கொடுத்ததில் பாதியைப் பெறுவதில்லை.

தொண்டைச் சூட்டுக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. மிளகாயின் கேப்சைசின் எந்த ஏற்பியைத் தட்டுகிறது என்று டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டறிந்தார். 2021-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. டிஆர்பிவி1 என்ற அந்த ஏற்பி 42 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்வதற்காக இருப்பது. மிளகாய் அதைப் பொய்யாகத் திறக்கிறது. ஆல்கஹால் செய்வது வேறு: எந்தச் சூட்டில் திறக்கவேண்டும் என்ற எல்லையையே 34 டிகிரியை ஒட்டிக் கீழே இறக்குகிறது. இது 2002-ல் வெளியான ஆய்வு. உடலின் சாதாரணச் சூடு 37 டிகிரி. எல்லை அதற்கும் கீழே வந்துவிட்டால், நம் தொண்டை தன் சொந்தச் சூட்டையே சுடுவதாக அறிவிக்கிறது. வாயில் இருக்கும்வரை குளிர்ந்த ஏல் அந்த இடத்தைக் குளிரவைத்திருக்கும். விழுங்கி, தொண்டை பழைய நிலைக்கு மீளும் அந்த ஓரிரு நொடிக்குப் பிறகு சூடு எழுவது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. மார்பு வரை கதகதப்பது தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால். அப்போது உடல் சூட்டை இழந்துகொண்டிருக்கிறது. பனியில் நடப்பவர் குளிருக்காகக் குடிப்பது ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

மச்சினர் சொன்ன புகை மிச்சமிருக்கிறது.

ஸ்காட்லாந்து என்றதும் பீட் நினைவுக்கு வரும். சதுப்பு நிலத்தில் மட்கிய தாவரங்களை வெட்டியெடுத்து எரிபொருளாக்குவார்கள். ஐலா தீவின் விஸ்கிகளுக்கான பார்லியை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். குவையகால், கிரிசால் முதலிய ஃபீனால்கள் தானியத்தில் படிகின்றன. ஆனால் எடின்பரோவின் ஏல் ஆலைகள் புகையில்லாத மால்ட்டையே நாடின; ஏலில் புகை நாறினால் அது குறை. பீட் மால்ட்டை ஸ்காட்லாந்து ஏலில் சேர்க்கும் வழக்கம் பிற்காலத்தது, அதிலும் அமெரிக்காவில் பரவியது. கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் ஆலை காய்ச்சும் ஓல்ட் சப் என்ற 8 சதவீத ஸ்காட்டிஷ் ஏலில் பீச் மரப் புகையில் உலர்த்திய மால்ட் கொஞ்சம் இருக்கிறது. நல்ல ஏல்தான். அதன் புகை மட்டும் எடின்பரோவைச் சேர்ந்ததல்ல.

அடுத்த வாரம் மச்சினரின் வீட்டில் மூன்று கோப்பைகளில் மூன்று கருநிற ஏல்களை ஊற்றி, பெயர் எழுதாமல் வைத்தார் அவர் மனைவி. ஒன்று ட்ராக்வேர், மற்ற இரண்டும் இங்கிலாந்துடையவை. நாங்கள் இருவரும் தனித்தனியே எழுதினோம். இரண்டு தாள்களிலும் புகை என்ற சொல்லே இல்லை. ஒரு வீட்டு மேசையில் ஒருநாள் செய்தது எதற்கும் நிரூபணம் ஆகாது. ஆனால் போர்தோவில் இதையே முறைப்படி செய்திருக்கிறார்கள். மோரோ, ப்ரோஷே, டுபோர்டியூ என்ற மூவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைத் திராட்சை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேருக்குக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஒப்புக்கொண்டது. எங்கள் விஷயத்தில் அந்த வேலையைச் செய்தது புட்டியின் மேல் இருந்த ஸ்காட்லாந்து என்ற பெயர். புகையின் ஒரு சிறு நூலாவது ஏலுக்குள் இருந்திருக்கலாம். நிறத்துக்காகச் சேர்க்கும் சொற்ப வறுத்த பார்லியிலும் குவையகாலின் சாயல் பிறக்கும். பெயர் அந்த நூலைப் பிடித்து இழுத்திருக்கும்.

அந்தப் பயணத்தில் வாங்கிய ஒரு புட்டியை மச்சினரின் அலமாரியில் விட்டுவந்தேன். வலுவான ஏல்கள் சில ஆண்டுகள் தாங்கும். மூடியின் வழியே நுழையும் இம்மியளவு ஆக்சிஜன் அவற்றை ஷெர்ரி மது பக்கமாகத் திருப்பும். மூன்று ஆண்டு கழித்துப் போனபோது திறந்தோம். நான் குறிப்பேட்டை எடுப்பதற்குள், பக்கத்து அறையிலிருந்து அவர் மனைவி கேட்டார்: "வெந்தயம் எதுக்கு வறுக்கிறீங்க?"

யாரும் வறுக்கவில்லை. சோட்டோலான் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பழைய ஷெர்ரியிலும் மடெய்ரா மதுவிலும் முதிர்ந்த ஏல்களிலும் உருவாகும். வெந்தயத்தின் உயிர்நாடியான வாசனையும் அதுதான். அளவு குறைந்தால் மேப்பிள் பாகு மணக்கும், கூடினால் வெந்தயம். நியூயார்க் நகரத்தில் சில ஆண்டுகள் அவ்வப்போது மேப்பிள் பாகு வாசனை வீசி மக்கள் திகைத்தார்கள். 2009-ல் அதன் மூலத்தைக் கண்டுபிடித்தபோது, அது ஆற்றுக்கு அக்கரையில் நியூ ஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய வாசனைப்பொருள் ஆலை.

அவர் அஞ்சறைப் பெட்டியைக் கொண்டுவந்து கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சிட்டிகை வெந்தயத்தை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தோம், பிறகு கோப்பையை, பிறகு மறுபடி கையை. நான்காவது முறை கோப்பையில் வெந்தயத்துக்கு அடியில் கருப்பட்டி இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன் இன்னர்லீதனில் எழுதிய அதேதான், ஆனால் சற்று ஒடுங்கி.